இன்ஜின் இங்கே, ஃபிரேம் அங்கே

லேத்துக்காரரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்த கூட்டத்தில் பெயிண்டரும் இருந்தான். பத்துப் பதினோரு வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவன். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, லேத்துக்காரரின் மனைவியான தன் தங்கை எதிரில் நின்றான். "ஊசி" என்றான்.

தையல் தொழில் பார்ப்பதால் வந்த பேர் பாதி, வாய்க்காக வந்த பேர் பாதி. அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். அதில் ஒருவரைத்தான் அன்று காலையில் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

அவள் அழவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. "உட்காரு, டீ போடறேன்" என்றாள், மற்ற எல்லோருக்கும் சொன்ன மாதிரியே.

சமையலறை ஜன்னலில் நின்றால் பின்கட்டு முழுக்கத் தெரியும். துணி காயப்போடும் கம்பி, அதற்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ஷெட். பாலை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள், அண்ணன் ஷெட்டுக்குள் நிற்பதைப் பார்த்தாள். உட்காரச் சொல்லியும் அவன் உட்காரவில்லை. தார்ப்பாயின் நுனியை இரண்டு விரலால் தூக்கினான். கட்டை மேல் உட்கார வைத்திருந்த இன்ஜினின் முன்பக்கம் குனிந்து, ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டான். அவன் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஆளைப் புதைத்து அரை நாள் ஆகவில்லை, பாகத்தைச் சரிபார்க்க வந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் கேஸை மூடினாள்.

அந்த இன்ஜினைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்ல முடியாது.

எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் செய்த மோட்டார் சைக்கிள் அது. ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர், மிஞ்சிப் போனால் நாலு என்று பெரும்பாலும் உலகம் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஆறு சிலிண்டர்களைக் குறுக்காக வரிசை வைத்துச் செய்த வண்டி. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் அதே கம்பெனி பந்தயத்துக்கென்று குட்டிக் குட்டியாக ஆறு சிலிண்டர் வைத்து ஒன்று செய்து, எல்லோர் வாயையும் அடைத்திருந்தது. அந்த ருசி போகாமல், தெருவில் ஓட்டவும் அப்படி ஒன்று வேண்டும் என்று இறங்கினார்கள். ஆறைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்ஜின் அகன்றுவிடும். ஓட்டுகிறவன் முழங்காலை எங்கே வைப்பான்? அதனால் சிலிண்டர்களை முன்பக்கம் சாய்த்தார்கள். கரண்ட் எடுக்கிற ஜெனரேட்டரை வழக்கம்போல ஓரத்தில் மாட்டாமல், சிலிண்டர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு தண்டு போட்டு ஒளித்து வைத்தார்கள். வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட்டைக்கூட ஒரே நீளமாகச் செய்யாமல் இரண்டு துண்டாகச் செய்து நடுவில் கோத்தார்கள். இருபத்து நாலு வால்வு, ஆறு கார்புரேட்டர். முன்னால் ஆறு குழாயும் அருவி மாதிரி இறங்குவது தெரிய வேண்டும் என்பதற்காக, எந்த வண்டியிலும் இன்ஜினுக்கு முன்னால் இறங்கி வருமே ஒரு கம்பி, அதையே எடுத்துவிட்டார்கள். இன்ஜின்தான் ஃபிரேமுக்கே முட்டு. இன்ஜினை இறக்கிவிட்டால் ஃபிரேம் வெறும் கூடு.

இவ்வளவும் செய்ததில் விலை ஏறிப் போயிற்று, கனமும் ஏறிப் போயிற்று. அதே கம்பெனியின் நாலு சிலிண்டர் வண்டி இதைவிட மலிவாக, ஏறக்குறைய இதே வேகத்தில் ஓடியது. நாலைந்து வருஷத்தில் ஆறு சிலிண்டரை நிறுத்திவிட்டார்கள்.

"புத்திசாலிங்க பண்ணின முட்டாள்தனம் மச்சான் இது" என்பான் பெயிண்டர்.

"முட்டாளுங்களால இப்படி ஒண்ணு பண்ண முடியுமாடா?" என்பார் லேத்துக்காரர்.

பாலம் கட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். மழை நாளில் சறுக்கி விழுந்து, காலை உடைத்துக்கொண்டு, வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கிடங்கில் கிடந்து துருப்பிடித்து, பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தது. லேத் பட்டறையும் பெயிண்ட் பட்டறையும் அப்போது ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. இரண்டு பேருமே கல்யாணமாகாத பயல்கள். சேர்ந்து போய்ப் பார்த்தார்கள், சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் இவர் பொறுப்பு. ஃபிரேம், டேங்க், பெயிண்ட் அவன் பொறுப்பு. எழுதிக்கொள்ளவில்லை, வாயால்கூடப் பேசிக்கொள்ளவில்லை. தொழில் அப்படி, வேலை அப்படிப் பிரிந்துகொண்டது.

பெயிண்டர் தன் தங்கையை லேத்துக்காரருக்கே கட்டிவைத்தான். "வேற இடத்துல பொண்ணு எடுத்தா இவரு இன்ஜினைத் தூக்கிட்டுப் போயிடுவாருன்னு எங்கண்ணனுக்குப் பயம். அதான் என்னைக் கொண்டாந்து கட்டிப் போட்டுட்டான்" என்று ஊசி பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சொல்வதற்கு ஏற்ற மாதிரிதான் வீடும் இருந்தது. கல்யாணமான புதிதில் அலமாரியில் துணியை எடுக்கப் போனால், செய்தித்தாளில் சுற்றிய பிஸ்டன் உருண்டு வந்து காலில் விழும். கட்டிலுக்கு அடியில் கார்புரேட்டர்கள் டப்பா டப்பாவாகத் தூங்கும். சோப்புப் பெட்டியில் வால்வு ஸ்பிரிங். அந்த ஜெனரேட்டர் தண்டு தேய்ந்துபோயிருந்தது. அதே மாதிரி ஒன்றை லேத்துக்காரர் கடைந்தார், பிடிக்காமல் தூக்கிப் போட்டார், இன்னொன்று கடைந்தார், அதையும் போட்டார். மூன்றாவதை வெகுநேரம் விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த "ம்"முக்காக அன்று வீட்டில் இனிப்பு செய்தாள்.

சீட்டை அவள்தான் தைத்தாள். பழைய சீட்டின் தகரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, புது ஸ்பாஞ்சை அறுத்து, கறுப்பு ரெக்ஸினில் குறுக்குக் கோடு ஓட்டி, தையல் ஒன்றுகூடக் கோணாமல். பெயிண்டர் தடவிப் பார்த்துவிட்டு, "என் பெயிண்டை விட இதுதான் கண்ணை இழுக்குது" என்று பொய்யாகக் கோபித்துக்கொண்டான்.

வண்டி உயிர் பெற்ற நாளில் அவள் தையல் மெஷினில் இருந்தாள். முதலில் ஒரு இருமல். அப்புறம் ஒரு முனகல். அப்புறம் ஆறும் ஒன்றாகச் சேர்ந்து, நீளமான புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். இரண்டு ஆம்பிளைகளும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து அவளுக்கும் அழுகை வந்தது. அதன் பிறகு கொஞ்ச காலம் அந்த வீடு நன்றாக இருந்தது.

கெட்டது ஒரே ஒரு வாக்கியத்தால்.

பழைய வண்டிகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. பெரிய மைதானம், பந்தல், மைக். ஆறு குழாயும் வெயிலில் பளபளக்க, சிவப்பு டேங்க்கில் பார்க்கிறவன் முகம் தெரிய, அந்த வண்டியைச் சுற்றித்தான் கூட்டம். முதல் பரிசு அதற்குத்தான் என்று அறிவித்து மேடைக்குக் கூப்பிட்டார்கள். "கையெல்லாம் ஆயிலா இருக்கு. நீ போயிட்டு வா மச்சான்" என்று லேத்துக்காரர் நின்றுகொண்டார். பெயிண்டர் ஏறினான். மைக் பிடித்தவர் அவனைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, "இன்ஜின் வேலை யாரு சார் பார்த்தது?" என்று கேட்டார்.

பெயிண்டர் சொன்னான்: "நம்மகிட்ட ஒரு லேத்துக்காரர் இருக்காரு சார். சொன்னா சொன்னபடி பண்ணிக் குடுத்துருவாரு."

கூட்டம் கை தட்டியது. மேடைக்குக் கீழே கணவரின் பக்கத்தில் நின்ற ஊசி அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் தட்டினார். இரண்டு தட்டு. மூன்றாவதுக்குக் கை சேரவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குள் போனவர், கனம் தூக்கும் செயின் பிளாக்கைக் கூரை இரும்பில் மாட்டி, போல்ட் போல்ட்டாகக் கழற்றி, இன்ஜினை இறக்கி வைத்துவிட்டார். விஷயம் தெரிந்து பெயிண்டர் ஓடி வந்தான்.

"ஒரு வார்த்தை மச்சான். மைக்கைப் பார்த்ததும் வாய் உளறிடுச்சு. அதுக்குப் போயி..."

"உளறல. உள்ள இருந்தது வெளிய வந்துச்சு. இத்தனை வருஷமா நான் உனக்கு ஆளு. சொன்னா பண்ணிக் குடுக்கிற ஆளு."

"அப்ப என் பெயிண்டுக்காகத்தான் பரிசு குடுத்தாங்கன்னு நான் சொன்னேனா? இறங்கி வந்து உன் கையிலதானே அந்தக் கப்பைக் குடுத்தேன்?"

"கப்பு எதுக்கு? கூலியா?"

பெயிண்டருக்கும் ரோஷம் உண்டு. "சரி. அப்ப என் ஃபிரேம் எனக்கு" என்றான்.

"தாராளமா."

வேன் வந்தது. ஃபிரேம், சக்கரம், டேங்க் எல்லாம் ஏறியது. சீட்டும் ஃபிரேமோடு போயிற்று. அதைத் தைத்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனில் ஏறுவதற்கு முன்னால் பெயிண்டர் கேட்டுக்கு வெளியே நின்று தங்கையைப் பார்த்தான். "நீ என்ன சொல்றே ஊசி? நீ யார் பக்கம்?"

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஷெட்டில் நின்றார். அந்த முதுகு அவளுக்குத் தாங்கவில்லை. கேட்டைச் சாத்தினாள். சாத்தியது அவள் கைதான். யாரும் சாத்தச் சொல்லவில்லை.

அப்புறம் வருஷங்கள் போயின. பெயிண்ட் பட்டறை வேறு தெருவுக்குப் போனது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை தபாலில் வந்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள் ஊசி. "வேணும்னா நீ போயிட்டு வா" என்றார் லேத்துக்காரர். அந்த "வேணும்னா" இருக்கிறதே, அதை மிதித்துக்கொண்டு போக அவளுக்குக் கால் வரவில்லை. கல்யாணத்தன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை யாருக்கோ ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மருந்துக்கடையில் அண்ணனும் அவளும் எதிரும் புதிருமாக நின்றுவிட்டார்கள். அவன் மாத்திரை அட்டையைப் படித்தான், அவள் சில்லறை தேடினாள். அவ்வளவுதான்.

இன்ஜின் ஷெட்டிலேயே இருந்தது. ஓடாமல் கிடந்தால் உள்ளே பிடித்துக்கொள்ளும் என்று, ஓரத்து போல்ட்டில் ஸ்பேனர் போட்டு லேத்துக்காரர் ஞாயிறுதோறும் கையால் சுற்றிவிடுவார். ஒருமுறை மேல் மூடியைத் திறந்து வால்வுகளையும் பார்த்தார்; ஊசிதான் விளக்குப் பிடித்தாள். நெஞ்சில் நீர் கட்டி அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு ஸ்பேனர் அவள் கைக்கு வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "மெதுவா. அதுக்கு வலிக்கும்" என்பார். "எனக்கு வலிக்காதா?" என்பாள். சிரிப்பார், சிரித்தால் இருமல் வரும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கிய அன்று, அவள் வெளியே நடைபாதையில் வந்து நின்று அண்ணனுக்குப் போன் செய்தாள். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "அவர் இனிமே தேற மாட்டாராம். ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போ" என்றாள். "பார்க்கலாம்" என்றான் அவன். அவள் தினமும் வாசலைப் பார்த்தாள். அவன் வரவில்லை. லேத்துக்காரர் போய்ச் சேர்ந்தார். அந்தப் "பார்க்கலாம்" அவளுக்கு மறக்கவில்லை.

இப்போது அதே ஆள் ஷெட்டில் நின்று ஓட்டை எண்ணுகிறான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போய், வீடு காலியாகி, அவள் திரும்பவும் தையல் மெஷினில் உட்கார ஆரம்பித்த பிறகு பெயிண்டர் ஒரு நாள் மத்தியானம் வந்தான். சுற்றி வளைக்கவில்லை.

"கோத்துடலாம் ஊசி. அவனுக்கு அதான் ஆசை."

"அவர் ஆசை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க வாயெடுத்தவள், எதற்கு வீண் பேச்சு என்று விட்டுவிட்டாள். எல்லோரும் செத்தவரின் ஆசையைச் சொல்லித்தானே தங்கள் காரியத்தைச் சாதிக்கிறார்கள். ஆனால் ஒரு யோசனை அவளுக்குள் ஓடியது. இவன் இந்த ஷெட்டில், அவர் நின்ற இடத்தில் நின்று, அவருடைய ஸ்பேனரைப் பிடித்து வேலை செய்யட்டும். ஒவ்வொரு நட்டுக்கும் அவன் கை கூசட்டும்.

"சரி. ஆனா இங்கதான் கோக்கணும். உன் பட்டறைக்கு இங்கேர்ந்து ஒரு வாஷர்கூட வராது. நானும் கூட நிப்பேன்."

"நில்லு. எனக்கும் ஆள் வேணும்" என்றான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

ஃபிரேம் வந்தது. அவனும் அதைச் சும்மா போட்டு வைத்திருக்கவில்லை. துரு ஒரு பொட்டு இல்லை, டேங்க் நேற்று அடித்த மாதிரி இருந்தது. சீட்டு மட்டும் ஓரத்தில் வெடித்திருந்தது. "தைக்கக் குடுக்க மனசு வரல" என்றான். அவள் அதை வாங்கி உள்ளே வைத்து, அன்றைக்கே வேறு துண்டு ஒட்டித் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. செயின் பிளாக்கில் ஃபிரேமைத் தூக்கி, இன்ஜின் மேல் இறக்கினார்கள். பேச்சு வேலைப் பேச்சோடு நின்றது. பிடி, விடு, கொஞ்சம் தூக்கு, போதும். அண்ணனுக்கு வயதாகிவிட்டது தெரிந்தது. குனிந்தால் எழுந்திருக்க எதையாவது பிடித்துக்கொண்டான். அவளுக்கே தெரியாமல் ஒரு நாள் அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அன்று இரண்டு பேருமே சீக்கிரம் வேலையை முடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் கார்புரேட்டர். ஆறும் ஒரே பலகையில் கோத்த மாதிரி இருக்கும். ஆறு ரப்பர் வாய்க்குள் ஒரே நேரத்தில் ஆறும் போய் உட்கார வேண்டும். ஒன்று உட்கார்ந்தால் ஒன்று வழுக்கும். இடமும் கிடையாது, இன்ஜினை முன்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டுதான் நுழைக்க வேண்டும். ரப்பர் இளகட்டும் என்று அவள் வெந்நீர் கொண்டுவந்து துணியில் நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். அவன் மறுபக்கம் இருந்து நெம்பினான். வேலை மும்முரத்தில் வாய் தானாகப் பேசிக்கொண்டே போயிற்று.

"ஸ்டார்ட் பண்ணினதும் மூணாவது சிலிண்டர்ல லேசா ஒரு தட்டல் கேக்கும், பயந்துடாத. புகை வெளியேறுற வால்வுல ஷிம் தகடு கொஞ்சம் மெலிசு. சரியான சைஸ் கெடைக்கலையாம். சூடாச்சுன்னா அடங்கிடும்."

துணியைப் பிழிந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"அவர் மூடியைத் திறந்து வால்வைப் பார்த்தது நீ போனதுக்கப்புறம். எவ்வளவோ வருஷம் கழிச்சு. நான்தான் விளக்குப் பிடிச்சேன். மூணாவதுல ஷிம் மெலிசுன்னு அவருக்கும் எனக்கும்தான் தெரியும். உனக்கு யார் சொன்னது?"

பெயிண்டர் நிமிரவில்லை. கார்புரேட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் தலை மட்டும் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தேன்" என்றான்.

"எப்ப?"

"நீ போன் பண்ணினியே, அன்னிக்குச் சாயங்காலமே அவனும் பண்ணினான். நர்ஸ்கிட்ட போன் வாங்கி. மத்தியானமா வா, அவ வீட்டுக்குப் போயிருப்பான்னான்."

"ஒரு தடவையா?"

அவன் ஒரு ரப்பரைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உன்னைத்தான் கேக்கறேன். ஒரு தடவையா?"

"தினமும்" என்றான்.

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மத்தியானம் ஆனால் அவர் சொல்வார்: "போய்க் கொஞ்சம் படு. பாவம், கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. அவசரமில்ல, மெதுவா வா." எவ்வளவு பிரியம் என்று அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதிருக்கிறாள். சாயங்காலம் திரும்பி வந்தால் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். மருந்து பிடிக்கிறது என்று நர்ஸிடம்கூடச் சொன்னாள். நர்ஸ் ஒரு மாதிரியாகச் சிரித்தாளே, இப்போதுதான் புரிகிறது.

"என்ன பேசினீங்க?"

"வேற என்ன? வண்டியைப் பத்தித்தான்."

"மேடையில சொன்னதைப் பத்தி?"

"நான் எடுத்தேன். 'அதை விட்றா'ன்னுட்டான்."

"அவ்வளவுதானா? விட்றான்னு ஒரு வார்த்தையில முடிஞ்சுடுச்சா?" அவள் குரல் ஏறவில்லை. "சிரிச்சீங்களா?"

"ஊசி..."

"சிரிச்சீங்களான்னு கேட்டேன்."

"சிரிச்சோம்."

பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து வாளியை வைத்தார்கள். வாளி நிரம்பியது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவன்தான் வேணாம்னான். 'அவ எனக்காக உன்னையே விட்டா. உன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரல. இப்ப நாம சேர்ந்துட்டோம்னு தெரிஞ்சா, அப்புறம் இத்தனையும் எதுக்குன்னு கேப்பா. பதில் சொல்ல எனக்குத் தெம்பில்ல மச்சான். நான் போனப்புறம் நீயே சொல்லிக்கோ'ன்னான்."

"சரி, அவர் போயாச்சு. அப்புறம் இத்தனை வாரமா இங்க வந்து நிக்கிறியே, நீ ஏன் சொல்லல?"

"எனக்கும் தெம்பில்ல."

அவள் துணியை வெந்நீரில் முக்கினாள், பிழிந்தாள், நாலாவது ரப்பரின் மேல் வைத்து அழுத்தினாள்.

"தள்ளு" என்றாள்.

"என்ன?"

"கார்புரேட்டரைத் தள்ளு. தண்ணி ஆறுது."

அவன் தள்ளினான். ஆறும் ஒரே மூச்சில் போய் உட்கார்ந்தன. கிளிப்புகளை அவளே இறுக்கினாள்.

அடுத்த ஞாயிறு வண்டியைத் தெருவுக்கு உருட்டி வந்தார்கள். பட்டனை அழுத்தியதும் இருமியது, அழுத்தியதும் இருமியது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அதே சத்தம். மாடிகளில் ஆள் வந்து நின்றார்கள். பெயிண்டர் ஹேண்டிலைப் பிடித்தபடி கேவிக் கேவி அழுதான். மூன்றாவது சிலிண்டரில் தட்டல் கேட்டது, கொஞ்ச நேரத்தில் அடங்கியது. ஊசி கேட் பக்கம் நின்று, தனக்கு ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கையை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள், ஆயில் ஒன்றும் ஒட்டாத கை.

"ஏறு ஊசி. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

"நிறுத்து."

நிறுத்தினான். தெரு திடீரென்று காலியான மாதிரி இருந்தது.

"எடுத்துட்டுப் போயிடு" என்றாள்.

"என்ன பேசறே? இங்கதான் இருக்கணும். உனக்குத்தான் இதுல முதல் பங்கு."

"எனக்கு வேணாம். நீங்க ரெண்டு பேருமே வெச்சுக்கோங்க."

"ரெண்டு பேரா? அவன்தான்..."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில ரெண்டு பேரா உட்கார்ந்துட்டு இருந்தீங்கல்ல. அதே ரெண்டு பேர்தான்."

"நான் செஞ்சது தப்புதான். கால்ல வேணா விழறேன்."

"நீ விழுந்தா அவர் பங்குக்கு யார் விழுவா?" என்றாள். "என்னை நடுவுல வெச்சுத்தான் பிரிஞ்சீங்க. சேரும்போது என்னை வெளிய நிக்க வெச்சுட்டுச் சேர்ந்துட்டீங்க. சந்தோஷமா இருங்க. எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபமில்ல. ஆனா உன் மூஞ்சியைப் பார்க்க என்னால முடியாது. கிளம்பு."

அவன் ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினான். சத்தம் தெருமுனை தாண்டி, பெரிய சாலையில் ஏறி, அங்கே மற்ற வண்டிகளின் சத்தத்தோடு கலந்து போகும் வரை மாடியில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எப்படியோ அண்ணன் தங்கச்சி ஒண்ணு சேர்ந்தீங்களே, அவரு ஆத்மா சாந்தியடையும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "ஆமாமா, அவருக்கு என்ன குறை" என்று ஊசி உள்ளே போனாள்.

கோபமில்லை என்று சொன்னது பொய். ஷெட்டைக் கழுவிவிடும்போது துடைப்பத்தைப் போட்டுவிட்டு, சுவரில் வரிசையாகத் தொங்கிய ஸ்பேனர்களைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள்: "மெதுவா வான்னீங்களே. இதுக்குத்தானா?" ஸ்பேனர்கள் தொங்கின. உயிரோடு இருந்தால் மூன்று நாள் பேசாமல் இருக்கலாம், சோற்றைத் தட்டில் டங்கென்று வைக்கலாம், சாகும் வரைக்கும் சொல்லிக் காட்டலாம். செத்தவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவர் நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் போயிருக்கிறார் என்று தோன்றியது. வாழ்நாளில் எதையும் அளந்து செய்த மனுஷன்.

பெயிண்டர் சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தான்.

"ஊசி, வைக்காத, ஒரே ஒரு விஷயம். கிளட்ச்சைப் பிடிச்சா பின்னாடி கரகரன்னு ஒரு சத்தம் வருது. அந்த ஜெனரேட்டர் தண்டுல அவன் எந்தப் பக்கம் வாஷர் போட்டான்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. எந்தப் பக்கம், எந்த வாஷர், அதை எந்த டப்பாவிலிருந்து எடுத்தார், எடுக்கும்போது என்ன சொன்னார் என்பது வரை.

"ராங் நம்பர்" என்றாள்.

"ஊசி, நான்தான்..."

போனை வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடந்தன. போன் மறுபடியும் அடித்தது. ஊசியில் நூல் அறுந்திருந்தது. நுனியை வாயில் ஈரப்படுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மெதுவாகக் கோக்க ஆரம்பித்தாள்.